ஐம்பது வருடக் காற்று

என் மாமியாரின் கோபத்தை இரண்டே தீபாவளி பார்த்துவிட்டு, ஐம்பது வருடத்தில் ஒருமுறை அது எந்த உச்சத்துக்குப் போகும் என்று கோடு போட்டுக் காட்டிய ஒரே மனிதர், நாங்கள் ‘அம்பது வருசம்’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கும் சார்தான். கோடு காகிதத்துக்கு வெளியே போய்விட்டது.

திருவொற்றியூரில், காற்றாலை வடிவமைக்கும் எங்கள் அலுவலகத்தில் அவர் வேலையே அதுதான். கொஞ்ச காலம் அளந்த காற்றை வைத்து, ஐம்பது வருடத்தில் ஒருமுறை வரக்கூடிய பேய்க்காற்றைக் கணிக்க வேண்டும். அது அடித்தால் கோபுரம் தாங்குமா என்று சொல்ல வேண்டும். வேலை முடிந்த பிறகும் மனிதர் அதை நிறுத்தமாட்டார். டீக்கடை பெஞ்சைப் பார்த்து, “இதுல மிஞ்சிப்போனா எத்தினி பேரு குந்திகீறாங்க?” என்பார். பதிலைக் கேட்டுவிட்டு, நின்றுகொண்டே டீ குடிப்பார்.

என் மகள் கல்யாணம் நெட்டுக்குப்பத்தில், எங்கள் வீட்டு வாசலில், கடலைப் பார்த்த பந்தலில். அந்த வாரம் பார்த்து டிவியில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை பந்தலோடு பறந்துபோய்ப் புழல் ஏரியில் இறங்குவதாகக் கனவு வேறு. அம்பது வருசத்திடம் ஓடினேன்.

“பயப்படாத நைனா. இருக்கிறதுலயே மோசமான காத்துக்குக் கட்டிடலாம்.”

மறுநாள் குப்பத்துப் படகுகளின் நங்கூரமெல்லாம் என் வாசலுக்கு வந்துவிட்டன. கம்பத்துக்கு ஒன்று. பக்கத் துணிகளையும் இழுத்துத் தைத்துவிட்டார்; காற்று உள்ளே புகுந்தால் கூரையைத் தூக்குமாம்.

கயிறு தடுக்கி விழுந்து எழுந்த சம்பந்தி கேட்டார்: “இன்னா சம்பந்தி, கல்யாணம் பண்றியா, கப்பல் கட்டிகினு கீறியா?”

முகூர்த்தத்தன்று புயலும் இல்லை, மழையும் இல்லை. தாழ்வு ஆந்திரா பக்கம் போய்விட்டது. மூடிய பந்தலுக்குள் ஹோமப் புகையில் நாங்கள் இட்லி மாதிரி வெந்தோம். மாப்பிள்ளைக்குக் கண் சொருகியது. எனக்கு அடுத்த பீதி: இவர் மயங்கி விழுந்தால் தாலியை யார் கட்டுவது?

“சார், துணிய அவுருங்க. மாப்ள பூடுவாரு.”

அவர் மாப்பிள்ளையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பந்தல்காரரிடம் கத்தியை வாங்கிக் கடல் பக்கத்துத் துணியைக் கிழித்தார். லேசான காற்று வந்தது. மாப்பிள்ளைக்கு உயிர் வந்தது. அம்பது வருசத்துக்குத்தான் போய்விட்டது. ஓடிவந்து மணவறைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“இன்னாத்துக்கு சார் இது? விசிறி மாதிரி தான வருது.”

“தொறந்துட்டேன்ல, என் கணக்கு பூட்ச்சி. தாலி ஏறட்டும், உட்டுர்றேன்.”

கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஓரத்தில் ஒரு கை கம்பத்தைப் பிடித்திருக்கும். வெட்டிவிடலாமா என்று போட்டோக்காரர் கேட்டார்.

வேண்டாம், பந்தல் விழுந்துவிடும் என்றேன்.