ஒன்பது இருபது வல்லூறு

மர்ளியா குஞ்சுகளை மூன்றாம் தடவையும் எண்ணிப் பார்த்தாள். ஏழுதான்.

"நேத்து எட்டு இருந்திச்சே! இங்க பாருங்க, ஒங்களத்தான் கேக்குற."

வாசல் கதிரையில் இருந்து சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் ஸலாஹுதீன் தலையை நிமிர்த்தவில்லை. எட்டாவது குஞ்சு எங்கே போனது என்பது அவருக்குத் திட்டமாகத் தெரியும். படமே அவரிடம் இருந்தது. நேற்றுக் காலை ஒன்பது இருபதுக்குப் பாலை மரத்துக் கூட்டில் வந்து இறங்கிய ஆண் வல்லூறை அவர் எடுத்த படம், அவருடைய அறுபத்திரண்டு வருட வாழ்க்கையில் எடுத்த படங்களிலேயே அழகானது. வல்லூறின் சிவந்த கண் தெளிவு. நெஞ்சில் ஓடிய ஒவ்வொரு வரியும் தெளிவு. அதன் நகங்களுக்குள் தொங்கிய குஞ்சின் இரண்டு கால்களிலும் மர்ளியா பூசியிருந்த மருதோண்டிச் சிவப்பு, அதைவிடத் தெளிவு.

"கீரியா இரிக்கும்," என்றார்.

மருதோண்டிக்குக் காரணம் உண்டு. அவை சும்மா குஞ்சுகள் இல்லை, நேர்ச்சைக் குஞ்சுகள்.

ஸலாஹுதீன் புத்தளம் பஸ் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நேரக்கணிப்பாளராக இருந்தவர். ஓய்வு பெற்று நாலாம் மாதம் நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துச் சுகப்படுத்தி, "தினமும் நடக்க வேணும்" என்று சொல்லி அனுப்பினார்கள். அவர் தன் ஊரான கரைத்தீவுக்கு வந்து வாசல் கதிரையில் இருந்தார். எட்டு மாதம் எழும்பவே இல்லை. றோட்டில் போகிற பஸ்ஸைப் பார்ப்பதும், கையில் மணிக்கூட்டைப் பார்ப்பதும், "பத்து நிமிசம் பிந்தி" என்று முணுமுணுப்பதுமாகக் காலம் போனது. மர்ளியா கெஞ்சினாள், ஏசினாள், அழுதும் பார்த்தாள். கடைசியில், இந்த மனுசன் எழும்பி நடந்தால் பத்துக் கோழி பள்ளிக் கந்தூரி விருந்துக்குத் தருவேன் என்று நேர்ந்துகொண்டு அடை வைத்தாள். பத்தும் பொரித்தன. மற்றக் கோழிகளோடு கலந்துவிடாமல் இருக்கப் பத்தின் கால்களிலும் மருதோண்டி பூசிவிட்டாள்.

நேர்ச்சை பலித்தது என்றுதான் சொல்ல வேண்டும். இருபது நாளைக்கு முன், காட்டில் ஆடு மேய்க்கும் செய்னுலாப்தீன் படலையடியில் வந்து நின்றான்.

"நானா, பாலை மரத்துல வல்லூறு கூடு கட்டி மூணு குஞ்சு பொரிச்சிரிக்கி. றுமானா மகள் டோஹாவுல இருந்து அனுப்பின கமரா சும்மாதானே கிடக்கு? வந்து பாருங்களன்."

என்ன நினைத்தாரோ, அவர் எழும்பினார். அலுமாரியிலிருந்து கமராவை எடுத்தார். அன்று தொடக்கம் ஒருநாளும் தவறவில்லை. யுத்த காலமென்றால் காட்டுக்குள் நீட்டுக் கமராவோடு குந்தியிருந்தவனை வீட்டுக்காரர் அடுத்த பெருநாளைக்குத்தான் கண்டிருப்பார்கள். அதெல்லாம் முடிந்து ஆறு வருடமாகிவிட்டது. இப்போது அவரை அங்கே விசாரித்தவை செய்னுலாப்தீனின் ஆடுகள் மட்டும்தான்.

மரத்துக்கு நாற்பது அடி தள்ளி, புதருக்குள் ஒரு பச்சைச் சீலையைக் கட்டி அதற்குப் பின்னால் இருப்பார். பஞ்சு உருண்டைகளாக இருந்த மூன்றும் அவர் கண் முன்னாலேயே இறகு கட்டின. பழைய பழக்கம் விடாது அல்லவா, கொப்பியில் எழுதியும் வைத்தார். "ஆண். வருகை 6.40. சுமை: ஓணான் ஒன்று. புறப்பாடு 6.42." குஞ்சோடு வரும் ஒன்பது இருபது வருகைகளுக்கு நேரே மட்டும் சுமை எழுதவில்லை. அதற்கு அவருடைய மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

இது மர்ளியாவுக்குத் தெரிந்தால் கூடு ஒருநாள் மிஞ்சாது என்பது அவருடைய கணக்கு. தன் சுகத்துக்கு நேர்ந்த கோழியைத் தன் வல்லூறே தின்கிறது என்று எந்த வாயால் சொல்வது? இன்னும் நாலைந்து நாள். மூன்றும் பறந்துவிட்டால் போதும். அந்த முதல் பறப்பை ஒரு படம் எடுத்துவிட்டால் அல்லாஹ்விடம் வேறொன்றும் கேட்கமாட்டார்.

குஞ்சுகளைக் கூடையால் கவிழ்த்து மூடிவைத்தாலே முடிந்துவிடும் விஷயம்தான். அது ஏனோ மர்ளியாவுக்கு ஓடவில்லை. அதை ஞாபகப்படுத்த அவரும் போகவில்லை.

"கீரிண்டா பொறிக்கூடு வைங்க," என்றாள் மர்ளியா.

வைத்தார். பலகையும் கம்பியும் சேர்த்து அவரே அடித்த கூடு. உள்ளே சூடை மீன் தலை இரண்டு. மீன் தலையை வைத்துவிட்டுக் கீரிக்குக் காத்திருந்தால் யார் வருவார்? பக்கத்து வீட்டு ஜுனைதாவின் கடுவன் பூனை வந்தது. சுல்தான் என்று பெயர். அது போட்ட கூச்சலில் தெரு முழுக்க வேலிக்கு வந்துவிட்டது.

"என்ட சுல்தான் குஞ்சு புடிக்கிற சாதியா?" ஜுனைதா பூனையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். "மீன்ல முள்ளெடுத்துக் குடுத்தாத்தான் அது வாயே வைக்கும், தெரியுமா?"

"நான் கீரிக்குத்தான் தங்கச்சி வெச்சது," என்றார் ஸலாஹுதீன்.

"கீரியோ பூனையோ, கள்ளனப் புடிச்சுத் தாறது என்ட பொறுப்பு. என்ட புள்ளட பேருல வந்த பழிய நான் தீர்க்காம விடமாட்டேன். நாளையில இருந்து வேலிக்குள்ளால பாத்துக்கிட்டேதான் இருப்பேன்!"

ஜுனைதாவின் கண் லேசுப்பட்ட கண் இல்லை. இந்தக் கலவரத்துக்குள் இன்னொரு குஞ்சும் போய், கணக்கு ஆறுக்கு வந்திருந்தது.

இரவெல்லாம் யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். களவு போனது திரும்பி வந்துவிட்டால் கள்ளனை யார் தேடப் போகிறார்கள்?

வியாழக்கிழமை காலை பஸ் ஏறி மதுரங்குளிக்குப் போனார். நாலு குஞ்சு வாங்கினார். நாட்டுக் குஞ்சு கிடைக்கவில்லை, பண்ணைக் குஞ்சுதான் கிடைத்தது. மர்ளியா வெளியே போயிருந்த நேரம் கிணற்றடிக்குப் பின்னால் குந்தி, மருதோண்டி இலையை அரைத்து, ஒவ்வொன்றையும் மடியில் போட்டு எட்டுக் கால்களுக்கும் பூசினார். குஞ்சுகள் உதறின. அரை மணித்தியாலம் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த அரை மணித்தியாலத்தில் அவருடைய பத்து விரலும் கல்யாணக் கோலத்துக்கு வந்துவிட்டன. சவர்க்காரம் போட்டார், தேசிக்காய் தேய்த்தார். தேசிக்காய்ப் புளிக்கு மருதோண்டி இன்னும் நல்லாய்ப் பிடித்துக்கொண்டது.

பள்ளியில் அஸர் தொழுகைக்கு ஸப்பு வரிசையில் நின்றபோது பக்கத்தில் நின்ற நெய்னார் குனிந்து பார்த்தார். தொழுகை முடியும்வரை பொறுத்திருந்தார், நல்ல மனுசன்.

"மாப்புள, வலீமாச் சோறு எப்ப?"

ஸலாஹுதீன் கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பொழுது சாயும்போது நாலையும் கோழிக்கூட்டுக்குள் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் காட்டுக்குப் புறப்படுமுன் மர்ளியா கூட்டைத் திறந்தாள். எண்ணினாள். எண்ணிவிட்டு முற்றத்தின் நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பத்து இரிக்கி."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அவர்.

"எந்த ஊர்க் கீரிங்க கொண்டுபோன குஞ்சத் திருப்பிக் கொண்டந்து விட்டுட்டுப் போற?"

"நேர்ச்சக் குஞ்சுதானே மர்ளியா. அல்லாஹ்ட குத்ரத்துக்கு ஏலாதது இரிக்கா?"

"போகக்குள்ள கறுப்பு. வரக்குள்ள வெள்ள."

"பயத்துல வெளுத்திரிக்கும்."

மர்ளியா அவருடைய விரல்களைப் பார்த்தாள். ஒரு கணம் அவளுடைய உதடு என்னவோ மாதிரிக் கோணியது. சட்டென்று முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, குசினிக்குள் போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்று அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஆனால் ஜுனைதா வேலிக்குள்ளால் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜுனைதாவுக்குத் தெரிந்தது தெருவுக்குத் தெரிய ஐந்து நிமிடம் போதும். கீரி கொண்டுபோன குஞ்சு வெள்ளையாகத் திரும்பி வந்த அதிசயத்தைப் பார்க்க ஆளுக்கு மேல் ஆள் வந்தது. நெய்னாரும் வந்தார். சுல்தானையும் தூக்கிக்கொண்டு வந்தாள் ஜுனைதா. அதன் பழி தீர்ந்ததை அதுவும் பார்க்க வேண்டுமாம். படலை அடைபட்டுப் போனது. பன்புல் பைக்குள் கமராவை வைத்துக்கொண்டு ஸலாஹுதீன் வெளியே போக வழி தேடினார். வந்தவர்கள் விட்டால்தானே? "எப்பிடி நானா வந்திச்சு? பறந்தா, நடந்தா?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

தாய்க்கோழி மட்டும் அதிசயத்தை ஒப்புக்கொள்ளவில்லை. வெள்ளைக் குஞ்சுகளைக் கொத்திக் கொத்தித் துரத்திக்கொண்டிருந்தது. அவற்றில் ஒன்று ஓடி முற்றத்து வெளிக்கு வந்ததுதான் தாமதம், முருங்கைக்கு மேலால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று சரிந்து வந்தது. ஒரு விசுக்கு. குஞ்சைக் காணவில்லை.

"பிராந்து! பிராந்து!" என்று குளறினாள் ஜுனைதா.

"பிராந்தில்ல, வல்லூறு," என்றார் ஸலாஹுதீன். "ஆண்." கை தானாகத் திரும்பி மணிக்கூட்டைக் காட்டியது. "ஒன்பது இருபத்தஞ்சு. இண்டைக்கு அஞ்சு நிமிசம் பிந்தி."

முற்றத்துச் சனம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது. சுல்தான்கூட அவரைத்தான் பார்த்தது.

"ஓகோ!" என்றாள் ஜுனைதா. "நேரமே தெரியுமெண்டா வீடும் தெரிஞ்சிரிக்குமே! கூடு எங்க நானா?"

"எனக்கு எப்பிடித் தங்கச்சி..."

"ராத்தா, ஒங்கட நேர்ச்சக் கோழியப் படச்சவனுக்குப் போகவிடாமத் திண்டுட்டு இரிக்கி அந்த எழவு. ஆள விட்டுக் கூட்ட இழுத்து விழுத்துங்க!"

எல்லோரும் மர்ளியாவைப் பார்த்தார்கள். அவள் புருசனைப் பார்த்தாள்.

"செய்னுலாப்தீனுக்குத்தான் காடு தெரியும்," என்றாள் மெதுவாக. "விடிய அவன அனுப்புறன்."

நாற்பது வருடம் கூட வாழ்ந்தவளிடம், "வேணாம் மர்ளியா, அதுகள் என்ட புள்ளைகள் மாதிரி" என்று ஸலாஹுதீனால் சொல்ல முடியவில்லை. அந்த மூன்றும் இல்லாத காலையில் தான் எதற்காக எழும்புவது என்று நினைத்தபோது, பழைய கதிரை அவருக்குப் பயத்தைத் தந்தது.

மறுநாள் சுபஹு தொழுத கையோடு ஓட்டமும் நடையுமாகக் காட்டுக்குப் போனார். தேத்தண்ணியும் குடிக்கவில்லை. சீலையைக் கட்டவில்லை. நெஞ்சு வருத்தக்காரர் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கூட்டில் ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டும் ஏற்கெனவே பறந்து பக்கத்து மரக் கொப்பில் தள்ளாடிக்கொண்டிருந்தன. கடைசிக் குஞ்சு கூட்டு விளிம்பில் நின்று, கழுத்தை நீட்டுவதும் பின்வாங்குவதுமாக இருந்தது.

"பற, புள்ள," என்று கெஞ்சினார். "ஆள் வரப்போறாங்க. பறந்துடு வாப்பா."

பின்னால் சருகு சத்தம் கேட்டது. செய்னுலாப்தீன் வந்துகொண்டிருந்தான். ஸலாஹுதீன் இரண்டு கையையும் விரித்து மரத்தை மறித்தார்.

"தடி எங்க? கொண்டா இங்க தடிய!"

"தடியா? தேத்தண்ணி நானா," என்று போத்தலை நீட்டினான் அவன். "குடிக்காம வந்துட்டீங்களாம். ராத்தா குடுத்து அனுப்பின."

அதை வாங்கக் கை நீட்டிய நேரம் மேலே ஒரு படபடப்பு. ஸலாஹுதீன் போத்தலை விட்டுவிட்டுக் கமராவைத் தூக்கினார். குஞ்சு கூட்டை விட்டது. ஒரு முழம் விழுந்தது. பிறகு இறக்கை காற்றைப் பிடித்தது. கோணல் மாணலாக, அந்தரத்தில் அள்ளுப்பட்டு, அடுத்த மரத்தில் தாய்க்குப் பக்கத்தில் போய் மோதி உட்கார்ந்தது. கமரா கிளிக் கிளிக் என்று ஓடி ஓய்ந்தது.

அவர் அழுதுகொண்டிருந்தார். அதை மறைக்கவும் இல்லை.

"ஆறு ஐம்பத்திரண்டு," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். "செய்னுலாப்தீன், ஒண்டு கேட்டாச் செய்வியா? அடுத்த வருசமும் இந்த மரத்துக்கே வருமாம் இதுகள். மர்ளியாக்கிட்ட, 'காடு முழுக்கத் தேடினேன், கூட்டக் காணல்ல' ண்டு செல்லிடு. நீ கண்ட கூடு, நீ செல்லாட்டி அவளுக்கு ஒருநாளும் தெரியவராது."

செய்னுலாப்தீன் தலையைச் சொறிந்தான். சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் கீழே கிடந்த போத்தலை எடுத்து மண்ணைத் தட்டினான்.

"இந்தக் கூட்டக் கண்டது நானில்ல, மொதக் குஞ்சு போன அண்டைக்கு வல்லூறுக்குப் பின்னால கொக்கத்தடியோட காடெல்லாம் ஓடிவந்து கண்டுபுடிச்சதே ராத்தாதான், ஓங்கின தடியப் போட்டுட்டு நிண்டு யோசிச்சாங்க, புறகு எனக்கிட்டச் செல்றாங்க: 'நீ கண்டதாப் போய் அவருக்குச் செல்லு, பத்துக் கோழியும் அவர் எழும்பி நடக்கத்தானே நேந்தது, நடக்க வெக்கிற வல்லூறே திண்டுட்டுப் போகட்டும்.'"