மூன்றாவது கியர் மர்மம்

செம்பூர் மேம்பாலத்தில் குப்பை லாரி ஒன்று ஹாரன் அடித்து முந்திப் போனபோது, நம்பிராஜன் தமது இருபத்தெட்டு வயது பெட்ரோல் காரின் ஆக்சிலேட்டரை முழு பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுல துள்ளுது, ரெண்டுல பாயுது. மூணுல போட்டா மட்டும் இழுக்க மாட்டேங்குது."

"ஞாயித்துக்கிழமை டோம்பிவிலியில என் தம்பியோட புது வீட்டுப் பால்காய்ப்பு. அதுக்குள்ள சரியாகலேன்னா வித்துருங்க. குப்பை வண்டி முந்துத காருல நான் ஏற மாட்டேன்" என்றாள் மனைவி பேராச்சி.

அவள் மடியில் செருப்புப் பை. அந்தக் காருக்குள் லட்சுமி குடியிருப்பதால் யாரும் செருப்போடு ஏறக் கூடாது. கழற்றிப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். பை விதியிலிருந்து உரிமையாளருக்கு மட்டும் விலக்கு.

நம்பிராஜன் ஓய்வுபெற்ற சூப்பரின்டெண்ட். உடனே மெக்கானிக்கிடம் போவாரா? நாலு வீடியோ பார்த்தார். ஐந்தாவதைத் தாமே எடுக்கலாம் என்கிற அளவுக்குத் தெளிந்தார். பிளக்கை மாற்றினார், முதல் கியரும் இடறியது. கார்புரேட்டரைத் திருகினார், சிக்னலில் நின்றபடியே கார் உறுமியது. முன்னால் நின்ற ஆட்டோக்காரன் தலையை நீட்டி, "க்யா ஜல்தி ஹை, சாச்சா?" என்று அவசரத்துக்குக் காரணம் கேட்டான்.

கடைசியில் தாராவி, கரீம் பாட்சா ஒர்க் ஷாப். நம்பிராஜன் இறங்கி, தமது கனத்த கோலாப்பூரிச் செருப்பை மாட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். பாட்சா எல்லாத் திருகலையும் பழையபடி வைத்து, ஒரு சுற்று ஓட்டி வந்தார்.

"மூணு, நாலு எல்லாம் பறக்குது அண்ணாச்சி. கோளாறே இல்ல."

"பாய், இருபத்தெட்டு வருஷமா ஓட்டுதேன். எனக்குத் தெரியாதா?"

நம்பிராஜன் ஏறி ஓட்டிக் காட்டினார். மூன்றில் இழுக்கவில்லை.

"ஒங்க கைக்கு ஓடல, என் கைக்கு ஓடுது. எனக்கே குடுத்திருங்களேன்."

"ராசியான வண்டி பாய். வேற ஆளுக்கு மசியாது!"

ஞாயிற்றுக்கிழமை டோம்பிவிலி போகும் வழியில் ஒரு மேட்டில் பஸ் முந்தியது. டெம்போ முந்தியது. பால்காரன் சைக்கிளில் முந்தி, திரும்பிச் சிரித்தான்.

"நிறுத்துங்க. நான் லோக்கல் டிரெயின்ல போய்க்கிடுதேன்." பேராச்சி மடிப் பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

நம்பிராஜன் இரண்டாவது கியரிலேயே தாராவி வந்து, பாட்சா கேட்ட விலைக்கே காரை அவரிடம் கொடுத்தார். ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். கர்ப்பகிருகத்திலிருந்து வெளியேறுகிறவர் போல வெறுங்காலோடு, திரும்பிப் பார்க்காமல் டாக்சியில் ஏறினார்.

வீட்டு லிஃப்டில் போன் அடித்தது. பாட்சா.

"அண்ணாச்சி, ஒங்க செருப்பு ரெண்டும் ஆக்சிலேட்டருக்கு அடியில முட்டுக் குடுத்துக் கெடந்துச்சு, எடுத்து வச்சிருக்கேன். இப்ப மூணாவதுல சும்மா பறக்குது. வந்து வாங்கிக்கிடுங்க, வேணும்னா வண்டி அனுப்பட்டா?"