எட்டு ரீமிக்ஸும் ஒரு குறட்டையும்

இன்றைக்கு என்ன ஆனாலும் கண்ணை மூடுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக் சோபாவில் உட்கார்ந்தார். ஏழு நாளாக இதே சோபா, இதே சபதம்.

அவர் மனைவி பாடகி. மேடையில் முழங்குகிற ரகம் இல்லை. பீரோவுக்குள் தலையை விட்டு, தொங்கும் சட்டைகளுக்கு நடுவே மைக்கைப் பிடித்துக்கொண்டு, யாரோ பக்கத்தில் தூங்குவதுபோல முணுமுணுக்கிற ரகம். கேட்பவரைக் கனவில் மிதக்க வைக்கும் அந்த இசைக்கு ட்ரீம் பாப் என்று பெயராம். நாலு வருஷம் பாடுபட்டு ஒரு ஆல்பம் போட்டாள். இப்போது எட்டு எலெக்ட்ரானிக் இசைக்காரர்கள் ஆளுக்கொரு பாட்டை எடுத்துப் பிரித்து மேய்ந்து, ரீமிக்ஸ் செய்து அனுப்பியிருந்தார்கள். இசைத்தட்டில் ஏழுக்குத்தான் இடம். எதைக் கழற்றுவது என்று இன்று ஆறு மணிக்குள் கம்பெனிக்குச் சொல்லியாக வேண்டும்.

"என் குரலை நானே கேட்டுக் கேட்டு காது மரத்துப்போச்சு. நீங்கதான் சொல்லணும்" என்றிருந்தாள். தினம் சாயங்காலம் ஒரு பாட்டு. ஹெட்போனை மாட்டிவிட்டு, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

இயந்திர அறையில் மோட்டார் உறுமினாலும் இடி விழுந்தாலும் அசராத மனிதர். மனைவியின் குரல் காதில் பட்டால் போதும், ஷட்டர் இறங்கிவிடும். "கண்ணை மூடி ரசிக்கிறேன்" என்றே ஒரு வாரத்தை ஓட்டிவிட்டார். உண்மை தெரிந்தால் நொந்துபோவாளே! நாலு வருஷ உழைப்பைக் குறட்டை விட்டுக் கேட்டாயா என்று அழுதால், எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

எட்டாவது பாட்டு ஆரம்பித்தது. தொடையைக் கிள்ளிக்கொண்டார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரி வந்ததா என்று அவருக்குத் தெரியாது.

விழித்தபோது மணி ஐந்தே முக்கால்.

"சொல்லுங்க. எதை எடுக்கலாம்?"

இப்படி வரும் என்று தெரிந்துதான் மதியமே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஆனால் வாழ்நாளில் அவர் எழுதிய ஒரே விமர்சனம் மாதாந்திர லிஃப்ட் பரிசோதனை அறிக்கைதான். அந்தப் பழக்கத்தில் கை அதையே எழுதியிருந்தது.

"ஒண்ணாவது, ஓட்டம் சீரா இருக்கு."

"சரி."

"ரெண்டாவது, தேவையில்லாத சத்தம் எதுவும் இல்லை."

"ம்."

"மூணாவது, மேல ஏறும்போது லேசா ஒரு குலுக்கல். பயப்பட ஒண்ணுமில்லை."

"நாலாவது?"

"எட்டு பேர் தாராளமா போகலாம்."

"பாட்டுக்குள்ளயா?"

மெக்கானிக்குக்கு வேர்த்துக் கொட்டியது.

"அது வந்து... எட்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து கேக்கலாம்னு சொன்னேன்."

"ஓ! அஞ்சாவதுல கதவு சரியா மூடுதா?"

அவ்வளவுதான். தாள் கையிலிருந்து நழுவியது.

"தூங்கிட்டேன்மா. எட்டு பாட்டுக்கும் தூங்கிட்டேன். சத்தியமா வேணும்னு இல்லை. உன் குரலைக் கேட்டா உடம்பெல்லாம் லேசாயிடுது. திட்டணும்னா திட்டிடு, அழ மட்டும் அழாதே."

அவள் அழவில்லை. மடியிலிருந்த நோட்டைப் பிரித்தாள்.

"முதல் பாட்டு, ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட். மூணாவது, ஒண்ணு நாப்பது. இப்ப கேட்டீங்களே, வெறும் முப்பது செகண்ட்! அதான் முதல்ல வரப்போகுது."

"என்னது இதெல்லாம்?"

"நீங்க தூங்க எடுத்துக்கிட்ட நேரம். ஆறாவதுல மட்டும் பாதியில திடுக்குனு எழுந்து, 'எந்த மாடியில மாட்டிக்கிட்டாங்க?'ன்னு கத்தினீங்க. அதைத்தான் கழட்டுறேன்."

"அப்போ என் அபிப்பிராயம்?"

"வாயில கேட்டா எல்லாத்தையும் பிரமாதம்னுதான் சொல்லுவீங்க. உங்க குறட்டை எங்கிட்ட பொய் சொன்னதே இல்லை."

ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. மெக்கானிக் நீளமாக மூச்சு விட்டார். அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. போதாததற்குத் தன்னால் ஆல்பத்துக்கு உதவிவேறு! மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ இதுல எனக்கும் பங்கு இருக்குன்னு சொல்லு."

"பின்னே? அட்டையில உங்களுக்குத் தனியா ஒரு வரி போட்டிருக்கேன்."

"நிஜமாவா! என்னன்னு?"

"'தூங்கிப் பார்த்துச் சரி சொன்னவர்: என் வீட்டுக்காரர்.'"