இராசாத்தி தேத்தண்ணி மறுத்த படலம்

வாழி, வாழி! வாவிக்கரை வளர்ந்த வனிதை, இறாற்குழம்பின் இறைவி, கல்லடி மாதர் சங்கத்துத் தலைவி, தோணிக்காரன் கோணாமலையின் கரம்பற்றிய கோமகள், வாசற்படி மிதித்தவரை வயிறு நிறையாமல் திருப்பி அனுப்பியறியாத வள்ளல் இராசாத்தி வாழி! அவள் வாளெடுத்தவள் அல்லள், வேலெறிந்தவள் அல்லள். ஆயினும் ஒரு சித்திரை மாதத்து முற்பகலில், கொதிக்கும் கேத்திலைக் கூப்பிடு தூரத்தில் வைத்துக்கொண்டே தன் குணத்தோடு தானே பொருது வென்ற பெரும்போரை உரைக்கப் புகுகின்றேன். தேத்தண்ணி குடித்துக்கொண்டு கேட்பவர்கள் கிளாசைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

போரின் காரணம் கேளீர். இராசாத்தி வீட்டருகே, ஒழுங்கையெனும் சந்து முடிகிற இடத்தில், ஊர்த் தோணிகள் வாவியில் இறங்கவும் ஏறவும் ஒரு வழி உண்டு. ஆழிப்பேரலை அதன்மேல் ஏறிப் புரண்டு போயிற்று, வழி நின்றது. சண்டைக்காலத்தில் முள்ளுக்கம்பிச் சுருள்கள் அதை அடைத்துக் கிடந்தன; கம்பி போயிற்று, வழி நின்றது. துவக்குகள் ஓய்ந்து மூன்றாண்டு கழிந்த பின்னரோ கொழும்பிலிருந்து புறப்பட்டது மாபெரும் நகர அபிவிருத்தித் திட்டம்: விண்முட்டும் விடுதி, விளக்கு வரிசை, வெளிநாட்டார் உலவ நடைபாதை, இவையனைத்தையும் சூழ ஒரு நெடுமதில். அந்த மதில் நேரே வழிக்குக் குறுக்கே வந்தது. அது எழுந்தால் கோணாமலையும் கூட்டாளிகளும் பாலத்துக்கு அங்காலே சுற்றிப்போய்த்தான் தோணி ஏற்ற வேண்டும். விடியப் பிடித்த இறால் சந்தைக்குப் போகுமுன்னே பழுதாகிவிடும். கடலும் கம்பியும் எடுக்காத வழியை ஒரு மதில் எடுப்பதா! நினைக்கவே எனக்கு வயிறு எரிகிறது.

“திட்டத்தால் ஊருக்கும் நன்மை செய்வோம், வேண்டியதைக் கேளுங்கள்” என்று மதில் கட்டும் கம்பனியின் உத்தியோகத்தர் மூவர் இராசாத்தி வீட்டுக்கு முதன்முறை எழுந்தருளினர். கேட்க வேண்டியதை ஊரார் நெட்டுருப் போட்டே வைத்திருந்தனர். ஆனால் விருந்தினரைக் கண்டதும் மட்டக்களப்பாருக்கு வேறெதுவும் ஞாபகம் வராதே! வெற்றிலைத் தட்டமாகிய வட்டா முன்னே வந்தது; பிட்டும் நண்டுக்குழம்பும் பொரித்த மீனும் அணிவகுத்தன; எருமைத்தயிர்ச் சட்டிகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்தன; உண்ட களைப்பில் பாயில் சாய்ந்த மூவரும் எழும்போது பொழுதும் சாய்ந்திருந்தது. வாகனத்தில் ஆளுக்கொரு தயிர்ச்சட்டியும் ஏற்றி, கையசைத்து வழியனுப்பி, புழுதி அடங்கிய பிறகுதான் ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். வழியைப் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை.

கம்பனி மகிழ்ந்தது. ஊருக்குக் குறையொன்றும் இல்லை என்றும், அன்பளிப்பாக வண்ண ஒளியில் துள்ளியாடும் நீரூற்றொன்று அமைத்துத் தரப்படும் என்றும் பறைசாற்றியது. கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீரே கிடக்கிற ஊருக்கு நீரூற்றாம்! அன்றுதான் இராசாத்தி கொண்டை முடிந்து, முற்றத்து நடுவில் நின்று, மாதர் சங்கம் நடுங்க உரைத்தாள்:

“கேளுங்க எல்லாரும்! வழிக்கு ஒரு முடிவு வாற வரைக்கும், கம்பனிக்காரர் ஆர் வந்தாலும் இந்த வீட்டில ஒரு சொட்டுத் தேத்தண்ணி குடுக்கப்படாது! வட்டாவும் வெளியில வரப்படாது!”

கேட்ட அயல்வீட்டு இலட்சுமிப்பிள்ளை நெஞ்சில் கைவைத்தாள். “என்னகா சொல்றாய்? வந்த மனிசர வெறும் வாயோட இருத்துறதா?” என்றாள்.

இரண்டாம் போருக்குக் கம்பனி ஏவிய வீரன் எறோல். மட்டக்களப்பு நகரத்தில் தலைமுறைகளாய் வாழும் பறங்கியர் குலத்தோன்றல், தச்சரும் கொல்லருமான முன்னோரின் பெயரன், ஊர் வாயை அடைக்கவென்றே சம்பளம் வாங்கும் இன்சொல் வேந்தன். வந்தான், வணங்கினான், கதிரையில் அமர்ந்து வரைபடம் விரித்தான். நீரூற்றோடு, உட்கார்ந்து பார்க்க நாலு வாங்கு தருவோம் என்றான். நல்லது என்றாள் இராசாத்தி. ஒழுங்கைக்கு விளக்குப் போடுவோம் என்றான்; போடுங்க என்றாள். விடுதியில் பத்துப் பேருக்கு வேலை என்றான். மிச்சம் சந்தோசம், ஆனா வழி என்றாள். வழி மட்டும் மேலிடம் விடாது அக்கா என்று அவன் இரங்க, குசினியில் கேத்தில் கூவத் தொடங்கியது. அந்தோ, அந்தக் கூவல்! அமரில் முரசு கேட்ட யானைபோல் இராசாத்தியின் கால்கள் தாமாகவே எழுந்தன. கதிரைக் கைப்பிடியை இறுகப் பற்றி மறுபடி இருந்தாள்.

இடையில் இலட்சுமிப்பிள்ளை மனம் பொறாமல் வெற்றிலை வட்டாவை மெல்ல முன்னே தள்ள, இராசாத்தி அதைக் காலால் பின்னே இழுக்க, அவள் தள்ள, இவள் இழுக்க, பாக்குகள் தரையில் உருண்டோடின. அவ்வேளை பார்த்துத் தோணி கட்டிவிட்டு உள்ளே நுழைந்தான் கோணாமலை, உலகறியாத உத்தமன். “என்ன, தம்பிக்கு இன்னும் தேத்தண்ணி குடுக்கல்லயா?” என்றான். மனைவி பார்த்த பார்வையில் வந்த வழியே திரும்பிப் போனான்.

நேரம் ஊர்ந்தது. எறோலின் தொண்டை வறண்டது. அது பெரிதன்று, தண்ணீர்ப் போத்தல் அவன் பையில் இருந்தது. அவனை அறுத்தது வேறு. இந்த மண்ணில் பிறந்தவன் அல்லவா? பகையாளி வீட்டில்கூட ஒரு கிளாஸ் நீட்டாமல் விடமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாதா? கண் கலங்கக் கேட்டான்: “அக்கா, ஒரு பிளேன்டீ கூட இல்லையா? நான் அப்படி என்ன குத்தம் செய்தன்?”

இராசாத்திக்கும் கண் கலங்கியது. பாவி மகன், இப்படியா கேட்பது! இருந்தும் குரல் தளராமல் சொன்னாள்: “வழி வரட்டும் தம்பி. தேத்தண்ணியும் வரும்.”

எறோல் எழுந்தான். முற்றத்துக்குப் போய்க் கைபேசியில் கொழும்பை அழைத்து, ஊர் முழுதும் கேட்க முழங்கினான்: “சேர், விசயம் முத்திட்டு! இவங்க தேத்தண்ணி தரல்ல... இல்ல சேர், உங்களுக்கு விளங்காது. மட்டக்களப்பில தேத்தண்ணி தரல்ல எண்டா, நாளைக்கு ஒரு லோட் கல்லுக்கூட இறக்க விடமாட்டாங்க!”

மறுமுனை வினவியது, இறுதியில் பணிந்தது. ஒரு தோணியும் அதை இருபுறமும் தூக்குகிறவர்களும் தாராளமாகப் போய்வரும் அகலத்துக்கு மதிலில் இடைவெளி விடுவதென்றும், அதற்கு என்றைக்கும் கதவு போடுவதில்லை என்றும் எறோல் வரைபடத்தில் கோடிட்டு, ஊரார் முன்னிலையில் ஒப்பமிட்டான். ஆரவாரம் வாவியைக் கடந்து கேட்டது. கோணாமலை மறுபடி உள்ளே வந்து, மூலையில் நின்று அழுதான். “அந்தத் துள்ளுற தண்ணியையும் வையுங்க தம்பி, பிள்ளைகள் பாக்கட்டும்” என்று தோற்றவருக்கும் அருள்செய்தாள் இராசாத்தி.

பின்னர் அவள் எழுந்தாள். சபதம் முடித்த சிங்கமென, அணைகடந்த வெள்ளமென, அடக்கி வைத்த அத்தனை அன்பும் பொங்க, வளைகுலுங்க, குசினி புகுந்தாள், கேத்திலை இறக்கினாள், தேயிலைச் சாயம் வடித்தாள், கிளாசுகளை வரிசையாய் அடுக்கினாள், வெற்றிக்கரத்தால் தகரப் பேணியின் மூடியைத் திறந்தாள்.

சீனி முடிந்திருந்தது.