ஹாரன் அண்ணன் திருப்பிப் போட்ட சட்டை

ஹாரன் அண்ணன் இவ்வுலகில் நம்ப மறுப்பது கைபேசி வரைபடம் ஒன்றைத்தான். மற்ற அனைத்தையும் கேட்ட மாத்திரத்தில் நம்பிவிடுவார். பழவேற்காடு ஏரியின் நடுவிலுள்ள எங்கள் குப்பத்திலிருந்து கரைக்கு ஆட்களை ஏற்றிச்செல்லும் படகு அவருடையது. படகில் ஹாரன் கிடையாது. எதிரே நாரை வந்தாலும் அவரே வாயால் அடிப்பார்.

பொன்னேரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் நான், ஒரு நாள் படகில் குறிப்பேட்டைத் திறந்தது பிழையாயிற்று.

“இன்னா பாப்பா படிக்கிற?”

பிக்சிகளைப் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்து நாட்டுப்புறக் கதைகளில் வரும் சாண் உயரக் குறும்புக்காரர்கள். குதிரையின் பிடரிமயிரைச் சிக்காக்குவார்கள்; வழிப்போக்கரை ஒரே இடத்தில் சுற்றவைப்பார்கள்; சட்டையின் உட்புறம் வெளியே தெரியும்படி திருப்பி அணிந்தால் விட்டுவிடுவார்கள்.

“அதான் என் வலை டெய்லி சிக்காவுது,” என்றார் நிதானமாக.

மறுநாள் முதல், எஞ்சின் கிளம்பாததற்கும், மீன் விற்கும் மேரி அக்காவின் ஒற்றைச் செருப்பு காணாமற்போனதற்கும் பிக்சிகளே பொறுப்பானார்கள்.

அந்தப் பாடத்தின் தேர்வன்று ஏரியில் கடும் பனி. பத்து மணிக்குள் நான் தேர்வறையில் இருக்க வேண்டும். தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். சிவப்புத் துணி கட்டிய வலைக்கம்பு ஒன்று மூன்றாம் முறையாக எதிர்ப்பட்டது.

“நைனா, இந்தக் கம்ப இன்னும் எத்தினி வாட்டி சுத்திக் காட்டப் போற?” என்றார் மேரி அக்கா.

அண்ணன் எஞ்சினை அணைத்தார். “எல்லாரும் சட்டையத் திருப்பிப் போடுங்க. பாப்பாவுக்குப் பரீட்ச கீது.”

“என்கிட்ட ஏது சட்ட? நான் கூடையத் திருப்புனா எறாலு ஏரிக்கே பூடும். பரவால்லயா?”

“தலைல கீற துண்டத் திருப்புக்கா. போதும்.”

ஆண்கள் நால்வர் முணுமுணுத்தபடி சட்டையைக் கழற்றினர். என் துப்பட்டா இருபுறமும் ஒன்றுபோலவே இருந்தது, எனினும் திருப்பிக்கொண்டேன். அந்த அமைதியில், இடப்புறத்திலிருந்து மாதா கோயில் மணி கேட்டது. கரை அங்கேதான்.

“பாத்தியா, உட்டுட்டானுங்க,” என்று அண்ணன் எஞ்சினைக் கிளப்பினார். எஞ்சின் ஓடியவரை மணியோசை எங்கள் காதுக்கு எட்டவில்லை என்பதை நான் விளக்க முற்படவில்லை.

மாலையில் தேர்வு முடிந்து துறைக்குத் திரும்பினேன். பனி எப்போதோ விலகியிருந்தது. அண்ணனின் சட்டையில் மட்டும் தையல்கள் வெளியே தெரிந்தன. காலரில் தையற்கடைச் சீட்டு காதுபோல் நீட்டிக்கொண்டிருந்தது.

“இன்னும் மாத்தலியாண்ணா?”

“நீ எழுதிட்டு வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு உட்டுட்டேன். எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்ணா.”

அதன்பிறகே சட்டையை நேராகப் போட்டுக்கொண்டு, எதிரே எவருமில்லாத ஏரியைப் பார்த்து நீளமாக ஒரு ஹாரன் அடித்தார்.