தனி ஆளுக்கு மொத்தக் கடை கட்டுப்படியாகுமா?

ஃபார்கோ, வடக்கு டக்கோட்டா
பிப்ரவரி மாதம், பனி இன்னும் விட்டபாடில்லை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் டுவேன் அவர்களுக்கு,

வெர்லின் எழுதிக்கொண்டது. இங்கே நான் பூரண நலம் என்று எழுதினால் என் முழங்காலே சிரிக்கும். நடமாடிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பெமிட்ஜியில் உங்கள் இரத்த அழுத்தமும் கூரைமேல் இருக்கும் பனியும் ஒரு கட்டுக்குள் இருக்க வேண்டுகிறேன். உங்கள் தங்கை மார்ஜீனும் நானும் விவாகரத்து வாங்கியபோது வீடு யாருக்கு, படகு யாருக்கு என்றெல்லாம் தீர்ப்பில் விலாவாரியாக எழுதினார்கள். உங்களை இனிமேல் நான் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று ஒருவரும் எழுதவில்லை. அதனால் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். ஆட்சேபணை இருந்தால் வக்கீல் மூலம் தெரிவிக்கவும்.

போன வாரம் ஃபோனில் ஒன்று கேட்டீர்கள். உங்கள் ஊர்ப்பக்கம் புதிதாக ஒரு மொத்தக் கடை திறக்கிறார்கள், வருடச் சந்தா கட்டினால்தான் உள்ளேயே விடுவார்களாம், வீட்டம்மா ஃபில்லிஸ் தவறிய பிறகு ஒற்றை ஆளாக இருக்கிற உங்களுக்கு அது கட்டுப்படியாகுமா என்று. "யோசிச்சுச் சொல்றேன்" என்று ஃபோனை வைத்தேன். யோசித்துவிட்டேன். வேண்டாம். இதோடு முடித்தால் தபால்தலை வீண், ஆகவே காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அதே கம்பெனியின் கடை இங்கே ஃபார்கோவிலும் உண்டு, அதில் எங்கள் அட்டை மார்ஜீன் பெயரில் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஒரு சந்தா, அதே வீட்டில் இருக்கும் இன்னொருவருக்கு இலவசமாக இரண்டாவது அட்டை. அந்த இலவசம் நான். விவாகரத்தில் இரண்டு வக்கீல்களும் எங்கள் மீன்தூண்டிலைக்கூட எண்ணிப் பிரித்தார்கள், நாய் அதன் விருப்பப்படி மார்ஜீனோடு போயிற்று, இந்த அட்டை மட்டும் யார் நினைவுக்கும் வரவில்லை. நானும் ஒதுக்குப்புறமாக ஓர் அடுக்ககத்துக்குக் குடிபோன பிறகுதான் தெரிந்தது, அந்தக் கடையில் எதுவுமே ஒன்றாக விற்பதில்லை என்று. மயோனைஸ் என்றால் இரண்டு வாளி கட்டிப்போட்டிருக்கும், ரொட்டி என்றால் இரண்டு, டாய்லெட் பேப்பர் என்றால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. மார்ஜீனே ஃபோன் பண்ணி, "வெர்லின், பாதி மயோனைஸ் கெட்டுப் போகுது, வந்து எடுத்துக்கறியா, இல்லன்னா சேர்ந்தே போய் வாங்கிப் பிரிச்சுக்கலாமா?" என்றாள். அப்படித்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் இருவரும் ஒரே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற வழக்கம் வந்தது. கல்யாணமாகி இருந்த காலத்தில் நாங்கள் சேர்ந்து எங்கும் போனதில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

மிச்சம் பிடிக்கிறோம் என்று பெயர், மச்சான், ஆனால் பிடித்ததெல்லாம் தொல்லைதான். பல் விளக்கும் பசை வாங்கப் போய் ஒருநாள் துடுப்புப் படகோடு வந்தேன், அது இப்போது என் படுக்கைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் நானே அதில் தடுக்கி விழுகிறேன். மலிவு என்று வாங்கிய கீரை, தின்னத் தின்னப் பெருகி, கடைசியில் தானாகவே சூப்பாகிவிட்டது. சும்மா ருசி பார்க்கக் குட்டிக் கப்பில் கொடுக்கிறார்களே, அந்த நண்டு சூப்பை ஒரு வாய் குடித்த நன்றிக்காகவே அதில் ஒரு பீப்பாய் வாங்கினேன். வீட்டுக்கு வந்து குடித்தால் அந்த ருசி இல்லை, நின்றுகொண்டு ஓசியில் குடித்தால்தான் அது இறங்கும் போலிருக்கிறது. எல்லாவற்றையும்விடக் கொடுமை, வாங்கியதை பார்க்கிங்கில் வைத்துப் பாகம் பிரிப்பது. ஜனவரிக் குளிரில் மீன் கட்டிகள் ஒன்றோடொன்று இறுகிப்போய், காரின் பம்பரில் வைத்து வீல் ஸ்பானரால் நான் ஓங்கி ஓங்கி அடிக்க, மார்ஜீன் "இந்தப் பக்கம் அடி, உனக்கு எப்பவும் பெரிய பாகந்தான் வேணும்" என்று கத்த, போலீஸ் வண்டி ஒன்று வந்து நின்றது.

"என்ன நடக்குது இங்க?" என்றார் போலீஸ்காரர்.

"விவாகரத்து, ஆபீசர்" என்றாள் உங்கள் தங்கை.

அவர் டார்ச்சை மீன்மேல் அடித்துப் பார்த்தார். "எனக்கும் போன வருஷம் ஆச்சும்மா. எனக்கு மீன்கூடக் கிடைக்கல" என்று சொல்லிவிட்டு, எங்கள் ஸ்பானரை வாங்கி ரெண்டே அடியில் பிளந்து கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் மார்ஜீனின் மூக்குக்கண்ணாடி பனியில் விழுந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன சனிக்கிழமை கடைக்குள்ளே வெண்ணெய் வரிசையில் வைத்து அவள் சொன்னாள்: "வெர்லின், அந்த ரெண்டாவது அட்டை எனக்கு வேணும்ப்பா. ஹார்லன் அடுத்த மாசம் என் வீட்டுக்கே வந்துடறார்." ஹார்லன் யாரென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், சர்ச்சில் பாடுகிறவர், பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுஷன், அதுதான் பிரச்சினையே, திட்டுவதற்கு ஒன்றுமில்லை. "தாராளமா எடுத்துக்க" என்றேன். வாய் சொல்லிவிட்டது. கை மட்டும் தள்ளுவண்டியை விடவில்லை, "விடு வெர்லின், நான் தள்றேன்" என்று அவள்தான் விரலை எடுத்துவிட்டாள்.

இரண்டு பேருமாகக் கவுண்டருக்குப் போனோம். அங்கே நகத்தில் நட்சத்திரம் ஒட்டிய ஒரு பெண். "எதுக்கும்மா இவர் பேரை எடுக்கணும்?" என்றாள்.

"இவர் வீட்டை விட்டுப் போயிட்டார்" என்றாள் மார்ஜீன்.

அந்தப் பெண் என்னைப் பாவமாகப் பார்த்து, "ஐயோ, எப்ப சார்?" என்றாள்.

"நாலு வருஷம் ஆச்சும்மா" என்றேன். "இப்பதான் தெரிய வந்திருக்கு."

என் போட்டோ போட்ட அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டினாள், மச்சான். விதியாம். முகத்துக்குக் குறுக்கே வெட்டினாள். "நீங்க தனியாவே ஒரு சந்தா எடுத்துக்கலாமே சார்" என்று ஆறுதலும் சொன்னாள். "யாருக்கும்மா?" என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். கோர்ட்டில் கையெழுத்துப் போட்ட அன்று எனக்கு ஒன்றும் செய்யவில்லை, மத்தியானம் போய் முடிகூட வெட்டிக்கொண்டேன். போன சனிக்கிழமைதான் வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றாமல், அந்தத் துடுப்புப் படகுக்குள் உட்கார்ந்து அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது, அந்தக் குடும்பத்தில் இன்னும் எனக்கு ஃபோன் பண்ணுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே என் தீர்மானமான அபிப்பிராயம்: தனி ஆளுக்கு அந்தச் சந்தா தண்டம். விலை மலிவுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மலிவு முழுக்க, வீட்டில் இன்னொரு வாய் இருக்கிறது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. ஒரு ஆள் நான்கு டஜன் முட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவித்தே எத்தனை நாள் தின்பது? நீங்கள் பேசாமல் உங்கள் தெருமுனைக் கடையிலேயே அரை டஜன் முட்டையும் ஒரு ரொட்டியும் வாங்கிக்கொண்டு, ருசி பார்க்கிற ஆசையெல்லாம் விட்டுவிட்டு, நிம்மதியாக இருங்கள். எனக்கும் அலுத்துவிட்டது. இனி அந்தக் கடையின் வாசலை மிதிப்பதாக இல்லை.

ஃபில்லிஸின் தோட்டத்து ரோஜாச் செடிகள் பனியைத் தாங்கிப் பிழைக்கட்டும். உங்கள் கார் முதல் திருப்பிலேயே கிளம்பட்டும். கர்த்தர் உங்களுக்கு நல்ல தூக்கத்தையும், வழுக்காத வாசலையும் அருளட்டும்.

என்றும் உங்கள் மாஜி மச்சான், ஆனாலும் மச்சான்,
வெர்லின் டோலஃப்சன்

பின்குறிப்பு: உறையைக் கிழித்து மறுபடி எழுதுகிறேன், ஒட்டுப்போட்டதற்கு மன்னிக்கவும். தபாலாபீசுக்குத்தான் கிளம்பினேன், வழியில் கால் அந்தக் கடைக்குள் போய்விட்டது. சந்தா கட்டிவிட்டேன். அதே நட்சத்திர நகப் பெண்தான். "வீட்ல வேற யாராவது இருக்காங்களா சார், ரெண்டாவது அட்டை ஓசிதான்" என்றாள். "இருக்காரே, என் மச்சான்" என்று சொல்லி உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன். ஆகவே அங்கே காசு கட்டித் தொலைக்காதீர்கள். போட்டோ எடுக்க நீங்கள் நேரில் வந்தாக வேண்டுமாம். சனிக்கிழமை வந்துவிடுங்கள். மாற்றுத் துணியும் மாத்திரைகளும் எடுத்துக்கொண்டு, நாலு நாள் தங்குகிற மாதிரி வாருங்கள். ஒரே வீடு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பொய்யாகிவிடக் கூடாது.