பெட்டிக்குள் வைத்த நகல்

“ஏங்க, ஃபயர்வால் பேக்கப்ப எங்க வெச்சிருக்கீங்க?”

“இருக்கிறதிலேயே பாதுகாப்பான எடத்துல.”

“அதான், எங்க?”

“ஃபயர்வாலுக்குள்ளயே லா!”

மனிதகுலத்தின் பாதுகாப்பு வரலாற்றை எழுதுபவர்கள் இந்த உரையாடலை முதல் பக்கத்திலேயே பொறிக்க வேண்டும். சூலியா தெருக் கடையில் நாசி கண்டார் சோறு சாப்பிட்டபடி என் கணவர் கிருஷாந்த் அருளியது. நான் மீன் குழம்பை மறந்து அவரையே பார்த்தேன். கட்டிக்கொண்டவளுக்கு வேறென்ன பெருமை வேண்டும்?

ஜுருவில் நாங்கள் வேலை செய்யும் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அவர் ‘இணையக் காவல் உயர்நிலைக் குழு’வின் தலைவர். குழுவின் ஒரே பொறியாளர் நான். வீட்டில் ‘ஏங்க’, அலுவலகத்தில் ‘சார்’. ஃபயர்வால் என்பது ஒரு தட்டையான பெட்டி. எங்கள் கணினிகளுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்ற விதிகளெல்லாம் அதன் தலைக்குள் இருந்தன. அந்த விதிகளின் நகல்தான் பேக்கப். அதைத் திறக்கும் பாஸ்வர்ட் சார் தலைக்குள் மட்டும் இருந்தது.

“ரெண்டு பேருக்குத் தெரிஞ்சா அதுக்குப் பேரு ரகசியமா?” என்பார். நான் வாய் திறக்கும் போதெல்லாம் இந்தக் கொள்கை முந்திக்கொள்ளும். இரண்டாவது ஆள் மனைவி என்பதற்காகக் கொள்கை தளருமா?

மாதக் கூட்டத்தில் கறிபாப் பலகாரத் தட்டு ஒரு சுற்று வந்ததும் அறிக்கை வாசிப்பார். “இந்த மாசமும் ஒரு மர்ம ஆசாமி அட்மின் கணக்குல நுழையப் பாத்தான். முறியடிச்சிட்டோம்!” முதலாளி கந்தப்பு எழுந்து நின்று கை தட்டுவார். நானும் தட்டுவேன், சற்று மெதுவாக. அந்த வீரத்துக்காக சாருக்கு ஒரு கோப்பைகூடக் கிடைத்தது.

பிறகு புதிய பெட்டி வந்தது. பழையது வாடகைப் பெட்டி. திருப்பிக் கொடுக்குமுன் அதிலுள்ளதை அழிக்க வேண்டும். சார் அதற்கு ‘நினைவு நீக்கல் நிகழ்வு’ என்று பெயர் சூட்டி, முதலாளியையும் அழைத்து, கறிபாப் வரவழைத்து, டை கட்டி வந்தார்.

பெட்டியை எடுத்துப்போக வந்த ஹைருல் கேட்டான்: “போஸ், பேக்கப் எடுத்தாச்சா?”

“வாரா வாரம் எடுக்கிறேன் லா.”

“சார், அந்த பேக்கப்பு…” என்று ஆரம்பித்தேன்.

“தர்மினி, நிகழ்வு நடந்துக்கிட்டிருக்கு.”

அழிக்கும் பொத்தானை அழுத்தினார். பெட்டி கண் சிமிட்டிப் பரிசுத்தமானது. கைதட்டல்.

“சரி போஸ், பேக்கப்ப குடுங்க. புதுசுல ஏத்திடலாம்.”

சாரின் வாய்க்குப் போன கறிபாப் பாதி வழியில் நின்றது. அவர் பார்வை மெல்லப் பழைய பெட்டிக்குத் திரும்பியது. உண்மையிலேயே பாதுகாப்பான இடம்தான். இனி அந்த நகலை யாராலும் திருட முடியாது.

விதி ஒன்றும் தெரியாத புதிய பெட்டி எல்லாக் கணினிகளையும் தடுத்து நின்றது. சற்று நேரத்தில் கந்தப்புவின் கைபேசி அலறியது. பேசிவிட்டுத் திரும்பினார்.

“வாசல்ல லாரிங்க நிக்குது. ஒரு பில்லும் பிரிண்ட் ஆவல. இன்னைக்குச் சரக்கு போகலன்னா கஸ்டமர் ஓடிடுவான். யாரு பொறுப்பு? அந்த ஆள நாளைக்கு இங்க பாக்கக்கூடாது!”

“தொழில்நுட்பமெல்லாம் பொறியாளர் பொறுப்பு, முதலாளி,” என்றார் சார். பிறகு என் பக்கம் குனிந்து குழைந்தார். “தர்மினி, உங்கிட்ட ஒரு காப்பி இருக்குமே?”

முதல் தடவையாக அந்த அறையில் எனக்கு ‘சார்’ வரவில்லை.

“ஏங்க, மாசா மாசம் முறியடிச்சீங்களே, அந்த மர்ம ஆசாமி நான்தான். ஒரு காப்பி எடுத்து வெளிய வைக்கத்தான் வந்தேன். உங்க பேரு, எம்பேரு, நம்ம கல்யாண நாளு எல்லாம் போட்டுப் பாத்தேன். ஒண்ணுக்கும் தொறக்கல.”

கந்தப்பு அலமாரியிலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

“இந்தப் புதுப் பெட்டிக்காவது எனக்கும் ஒரு பாஸ்வர்ட் குடுங்க.”